வீட்டு நேரம்

தேவனாம்பட்டினத்தில் பொன்னி வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஒருநாளும் சரியான நேரம் காட்டியதில்லை. துறைமுகத்து மீன் ஏலத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோவை விட்டுவிடக் கூடாது என்று அவள்தான் அதை இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தாள். வேடிக்கை என்னவென்றால், அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மனக்கணக்காகக் கழித்துக்கொண்டு, இன்னொரு வாய் டீ குடித்துவிட்டே கிளம்புவார்கள். பிறகு எதற்கு அந்த ஏற்பாடு என்று கேட்டால் பொன்னிக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

மகள் ரேகா அந்தக் குடும்பத்தின் முதல் கம்ப்யூட்டர்காரி. கல்லூரி முடித்து ஜெராக்ஸ் கடையில் நின்று காலம் போக்கியவளுக்கு, சிதம்பரத்தில் ஒரு சின்ன கம்பெனி வேலை கொடுத்திருந்தது. வேலை வீட்டிலிருந்தே. லினக்ஸ் போட்ட லேப்டாப்பும் அவர்களே தந்தார்கள். எழுதிய புரோகிராமை இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில், அதாவது கிளவுடில், ஏற்றிக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி ஜெராக்ஸ் கடை.

ஏற்ற வேண்டிய வாரத்தில் கிளவுட் அவளை யாரென்றே தெரியாது என்றது. முந்தின நாள் வரை கதவைத் திறந்த அதே ரகசிய கீ. இப்போது எத்தனை முறை கொடுத்தாலும், ஏற்க முடியாது என்று ஒரு சிவப்பு வரி. கீயை அழித்து மறுபடி போட்டாள். லேப்டாப்பை அணைத்து எழுப்பினாள். இன்டர்நெட்டைத் திட்டினாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"என்னம்மா மாத்துன?" என்று போனில் கேட்டார் டீம் லீடர் செந்தமிழ்செல்வன்.

"ஒண்ணுமே மாத்தல சார்."

அவர் புதுக் கீ அனுப்பினார். அதற்கும் சிவப்பு வரி. அதே கீ அவருடைய லேப்டாப்பில் ஜம்மென்று வேலை செய்தது. "சரி, லேப்டாப்ப எடுத்துக்கிட்டு நேர்ல வாம்மா" என்றார். அந்தக் குரலில் இருந்த நிதானம்தான் ரேகாவைப் பயமுறுத்தியது. லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார் என்று முடிவே செய்துவிட்டாள். சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி பஸ் ஓடிய நேரமெல்லாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்து யோசித்துக் கண் கலங்கியது.

சிதம்பரம் ஆபீசில் லேப்டாப்பைத் திறந்தாள். செந்தமிழ்செல்வன் திரையின் மூலையைப் பார்த்தார்.

"என்னம்மா, உனக்கு மட்டும் அதுக்குள்ள ஒரு மணி ஆயிடுச்சா?"

"அது எங்க வீட்டு நேரம் சார்" என்றாள் ரேகா, வெகு சாதாரணமாக.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சிவப்பு வரி வந்த அன்று காலை, ஆன்லைன் மீட்டிங்குக்குத் தாமதமாக வந்து திட்டு வாங்கியதும், லேப்டாப் நேரத்தையும் சுவர்க் கடிகாரத்துக்குச் சமமாகத் தள்ளி வைத்திருந்தாள். அந்த வீட்டில் அதை யாரும் மாற்றம் என்று நினைப்பதில்லை. ஆனால் லேப்டாப் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அனுப்பிய நேரமும் சேர்ந்தே போகிறது. அது தன் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், யாரோ திருட்டு வேலை செய்கிறார்கள் என்று கிளவுட் கதவைச் சாத்திவிடும். பாவம், மனக்கணக்காகக் கழித்துக்கொள்ள அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நேரத்தைச் சரிசெய்ததும் பழைய கீயே வேலை செய்தது. செந்தமிழ்செல்வன் விழுந்து விழுந்து சிரித்தார். சாயங்காலத்துக்குள் புரோகிராம் ஏறியது, வேலையும் நிரந்தரமானது.

வீட்டில் கதையைக் கேட்ட பொன்னி மட்டும் சிரிக்கவில்லை. "என் கடிகாரமாடி உன் வேலைக்கு வேட்டு வைக்கப் பாத்துச்சு?" என்றவள், ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைப் பின்னால் தள்ளினாள்.

மறுநாள் விடியலில் கடிகாரம் சரியான நேரம் காட்டியது. பொன்னி பழக்கதோஷத்தில் இருபது நிமிடத்தைக் கழித்துக்கொண்டு, இன்னொரு வாய் டீ குடித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். ஆட்டோ எப்போதோ போய்விட்டிருந்தது. மீன் வாங்கும் அன்னக்கூடையோடு திகைத்து நின்றவளை ரேகா ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.

"வந்ததும் கடிகாரத்த பழையபடி தள்ளி வெச்சுடுறம்மா."

"வேணாண்டி" என்று மகளின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் பொன்னி. "உன் வேலைக்கு எதுனா ஆயிடப்போவுது."