கடைசி வீட்டில் ரத்தம் எடுத்தவள்

நான் காஜா மொய்தீன். பாகூரில் நாற்பது வருடம் ஜவுளிக்கடை நடத்தியவன். கதை கட்டிச் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. போன டிசம்பரில் என் கண்முன் நடந்தது இது. வீட்டில்கூட இதுவரை சொல்லவில்லை.

என் மருமகள் ஃபைஜா பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரமும் வெப்பமண்டல நோய்களும் படிக்கிறாள். பட்டம் வாங்க யானைக்கால் நோய் பற்றி ஓர் ஆய்வு முடிக்க வேண்டும். அந்த நோயைத் தரும் புழு பகலில் ரத்தத்தில் அகப்படாது. ராத்திரியில்தான் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி எடுக்க வேண்டும். அவள் புருஷன், என் மகன் முபாரக், ஷார்ஜாவில் இருக்கிறான். எங்கள் வீட்டுப் பெண்ணை ஊர் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது. நானே கூடப் போய்ப் பத்திரமாக அழைத்து வருவதாக மகனிடம் சொன்னேன்.

"ஏன் மாமா பனியில நிக்கிறீங்க? உள்ள வாங்களேன்."

"நீ போம்மா."

அந்நிய வீட்டுக்குள் ராத்திரியில் நுழைய மாட்டேன். பெண்கள் இருக்கும் வாசலைப் பார்த்தும் நிற்க மாட்டேன். தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். அவள் வெளியே வரும்போது கையிலுள்ள பெட்டிக்குள் ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுகள் கிலுகிலுக்கும். அதைக் கேட்டதும் நடப்பேன்.

அன்று கடைசி வீடு ஏரிப் பக்கம், கெங்கம்மாளுடையது. மணி பத்தே முக்கால். ஃபைஜா உள்ளே போனாள். நான் திரும்பி நின்றேன்.

"மோதிர விரலக் குடுங்கக்கா. எறும்பு கடிக்கிற மாதிரிதான்."

"எறும்பா? கட்டெறும்பும்மா இது."

உள்ளே சிரிப்பு. தெருவில் குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் சட்டென்று அடங்கின...

"மாமா, போலாமா?"

என் தோளருகே ஃபைஜா நின்றாள். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. பெட்டிச் சத்தமும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் ஃபைஜாவின் அதே குரல்...

"பஞ்ச அழுத்திப் புடிங்கக்கா."



வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்தேன்.

தோளருகே நின்றவள் பின்னால் வந்தாள். வழியெல்லாம் பேசுகிற பெண்... ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் பெட்டி எங்கே என்று கேட்டேன். "தெரியல மாமா" என்றாள். அத்தனை நாள் உழைப்பும் அதில்தான் இருந்தது. அவள் முகத்தில் பதைப்பே இல்லை.

கெங்கம்மாள் வீட்டுக்குப் போனேன்.

"பொட்டியா? அதான் எடுத்துக்கினு போச்சே பாய்." விரலைக் காட்டினாள். குத்திய புள்ளி இருந்தது. "இன்னா பாய் நீங்க? வயசுப் பொண்ண வுட்டுட்டு அப்படியா போறது? வெளிய வந்து மாமா, மாமான்னு கூப்புடுது. நீங்க பாட்டுக்குப் போறீங்க. ஒங்க பின்னால எவளோ ஒருத்தி வேற..."

"யாரு?"

"மொகம் தெரியல."

"அப்புறம்?"

"அழுதுக்கினே ஏரிக்கரைப் பக்கமா போச்சு."

ஏரிக்கரையில் தேடினால் ஊர் ஏன் என்று கேட்கும். வீட்டுக்கு வந்தேன். ஃபைஜா போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் போனை நீட்டினாள். முபாரக்.

"அத்தா, ஃபைஜா குரல் ஒரு மாதிரியா இருக்கே. நல்லா இருக்காளா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கா" என்றேன்.