காலையில் கொடுத்து மாலையில் பறித்த மாஸ்க்குகள்

1. நாலு மணிச் சேகரிப்பு

அன்று காலை ஆறரைக்கே மனேஜர் ஸ்டோருக்கு வந்துவிட்டார். "மிஸ், இண்டைக்கு கல் வாங்கிற கம்பனியில இருந்து சேஃப்டி ஆக்கள் வருகினம். எல்லா ட்றில்காரருக்கும் மாஸ்க் குடுங்கோ. கையெழுத்து வாங்க மறக்க வேண்டாம்."

நான் அந்தக் கல்குவாரியில் ஸ்டோர் பொறுப்பாளராகப் பதினொரு வருடம் இருந்தேன். திருகோணமலையிலிருந்து கந்தளாய்ப் பக்கம் போகும் பாதையில் இறங்கி, காட்டுக்குள் மூன்று கட்டைத் தூரம் போக வேண்டும். மலையை வெடி வைத்து உடைத்து, கிறஷரில் அரைத்து, துறைமுக வேலைக்கும் றோட்டு வேலைக்கும் அனுப்புவார்கள். வெடி வைப்பதற்கு முன் பாறையில் குழி துளைப்பதுதான் ட்றில்காரரின் வேலை. துளைக்கும்போது கல் மாவாகப் பறக்கும். கொம்பிரஷர் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்கும் ஆளின் முகம் தெரியாது.

அன்று பத்து மணிக்கு வெள்ளைத் தொப்பி போட்டவர்கள் வந்தார்கள். பவுசர் லொறி வந்து றோட்டெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தது. ட்றில்காரர் எல்லோரும் றப்பர் மாஸ்க் போட்டு நின்றார்கள். வந்தவர்கள் படம் எடுத்தார்கள், மனேஜரோடு சாப்பிட்டார்கள், இரண்டு மணிக்குப் போனார்கள்.

நாலு மணிக்கு மனேஜர் திரும்பவும் வந்தார். "மாஸ்க்கெல்லாத்தையும் வாங்கி அலுமாரிக்குள்ள பூட்டுங்கோ. இவங்களிட்ட விட்டா துலைச்சுப்போடுவாங்கள்."

வாங்கிப் பூட்டினேன். பூட்டின் திறப்பு என் இடுப்பில் இருந்தது. வருடத்துக்கு ஒரு தரம், சில வருடங்களில் இரண்டு தரம், இதே வேலையைச் செய்தேன். கொடுத்ததைப் புத்தகத்தில் எழுதினேன். திருப்பி வாங்கியதை எழுதவில்லை. அதற்குப் புத்தகத்தில் இடமும் இல்லை, எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

ராசன்தான் ஒரு தரம் மாக்கர் பேனை கேட்டு வந்தவன். ட்றில்காரரில் கெட்டிக்காரன், பகிடிக்காரன். "அக்கா, போன முறை எனக்குக் கிடைச்சதில ஆற்றையோ வெத்திலை நாத்தம். உள்ளுக்குள்ள அவரவர் பேரை எழுதி வைப்பம்." எழுதினார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வருடத்தில் ஒரு நாள் போடும் மாஸ்க்குக்குப் பேர் எழுதுகிறோமே என்ற வெட்கம் எங்கள் ஒருவருக்கும் வரவில்லை.

2. தண்ணீர்

ட்றில்லில் தண்ணீர்ப் பைப் பொருத்தும் வாய் இருக்கிறது. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசி எழும்பாது, சேறாக வழிந்துவிடும். நான் சேர்ந்த காலத்தில் அந்தப் பைப்புகள் பொருத்தித்தான் இருந்தன. அதே வருடம் இந்த மனேஜர் வந்து கழற்றுவித்தார். தண்ணீர் விட்டால் வேலை சுணங்குகிறதாம். கழற்றிய பைப்புகளும் என் ஸ்டோருக்குத்தான் வந்தன.

குவாரிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட குவாட்டர்ஸில் குடும்பங்கள் இருந்தன. ராசனின் மனைவி மலர் சோற்றுப் பானையை ஈரத் துணியால் மூடித்தான் வைப்பாள். அவன் வேலைக்குப் போட்ட சேட்டைத் துவைக்க முன் வெளியில் கொண்டுபோய் உதறுவாள். உதறும்போது அவளும் இருமுவாள்.

ஒரு நாள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, இவருக்கு மூண்டு மாசமா ஒரே இருமல். கிணத்தடிக்குப் போய் ஒரு வாளி தண்ணி தூக்கிக்கொண்டு வர ஏலாமக் கிடக்கு. கம்பனி டொக்டர் பீடியால எண்டு எழுதிக் குடுத்திருக்கிறார்."

"ராசன் பீடி குடிக்கிறவரே?"

"அந்த மனுசன் வெத்திலையும் போடாது அக்கா!"

திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அங்கே எக்ஸ்றே எடுத்தார்கள். கல்தூசி நெஞ்சுக்குள் படிந்து சுவாசப்பை கல்லாகிக்கொண்டு வருகிறது என்று அங்கேயிருந்த டொக்டர் சொன்னார். மருந்தில்லை என்றும் சொன்னார். அப்போது ராசனுக்கு முப்பத்தெட்டு வயது.

கம்பனியிலிருந்து மலருக்கு ஒரு கடிதம் வந்தது. வேலை செய்ய இயலாதவர் குவாட்டர்ஸை விட வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டும் அவர் பாவிக்கவில்லை, நோய்க்கு அவரே பொறுப்பு. கடிதத்தோடு என் புத்தகத்தின் பக்கங்களைப் பிரதி எடுத்து இணைத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ராசனின் கையெழுத்து. பக்கத்தில் என் கையெழுத்து.

மலர் அந்தத் தாள்களை என் மேசையில் வைத்தாள். ஏசவில்லை. "இது உங்கட எழுத்துத்தானே அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

3. "குடுத்தனான்"

மலர் முறைப்பாடு எழுதிக் கொடுத்தாள். எழுத உதவியது நிசாம், கிண்ணியாக்காரர், ராசனோடு ஒரே ட்றில்லில் நின்றவர். விசாரணைக்கு தொழில் திணைக்களத்து அதிகாரி ஒருவர் வந்தார், நடுத்தர வயதுப் பெண்.

அவர் வருவதற்கு முதல் நாள் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். பதினொரு வருடத்தில் அதுதான் முதல் தரம். "மிஸ், கேட்டா 'குடுத்தனான்' எண்டு மட்டும் சொல்லுங்கோ. அது பொய்யில்லைத்தானே? உங்களை ஆரும் பொய் சொல்லச் சொல்லயில்லை."

நான் எழுதிய உண்மையை எடுத்து ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் குத்தக் கேட்டார் அந்த ஆள்.

மறுநாள் ஒஃபிஸில் அதிகாரி புத்தகத்தை விரித்துவைத்துக் கேட்டார். "இந்த மாஸ்க்குகளைக் குடுத்தது நீங்களா?"

"ஓம், குடுத்தனான்."

மனேஜர் கதிரையில் சாய்ந்தார். அதிகாரி பக்கத்தைப் புரட்டப் போனார்.

"பின்னேரம் நாலு மணிக்கு நானேதான் திருப்பி வாங்கினனான். ஒவ்வொரு முறையும். இவர் சொல்லித்தான் வாங்கினனான்."

"அவவுக்கு விளங்கேல்லை," என்றார் மனேஜர். "பழசைத்தான் வாங்குவம். அலுமாரியில கிடக்கிறது ஸ்பெயார்."

நான் எழும்பி அதிகாரியைப் பார்த்தேன். "மிஸ், வாங்கோ. காட்டுறன்."

அலுமாரியைத் திறந்தேன். மாஸ்க்குகள் பொலித்தீன் பைகளில் அடுக்கியபடி இருந்தன. வாசலில் வேலைக்காரர் கூடிவிட்டார்கள். நிசாம் உள்ளே எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்: "அந்த மூணாவது என்ட மாஸ்க்! உள்ளுக்கு என்ட பேர் கிடக்கும், எடுத்துப் பாருங்க!"

அதிகாரி எடுத்துப் பார்த்தார். நிசாம் என்று இருந்தது. அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். ராசனுடையது அடியில் கிடந்தது. தூசி பிடிக்கும் வடிகட்டி புதிது மாதிரி வெள்ளையாக இருந்தது. அதை அவர் மனேஜரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

மூலையில் கிடந்த பைப்புகளையும் நானே காட்டினேன்.

4. வாசல்

பைப்புகள் ட்றில்லுகளில் திரும்பப் பொருத்தப்பட்டன. ட்றில்காரர் எல்லோரையும் எக்ஸ்றேக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் மூன்று பேருக்கு அதே நோய் தொடங்கியிருந்தது. நிசாம் அதில் ஒருவர். மலரைக் குவாட்டர்ஸிலிருந்து எழுப்பக் கூடாது என்று தொழில் திணைக்களத்திலிருந்து எழுத்தில் வந்தது. மனேஜரைக் கம்பனி வேறொரு குவாரிக்கு மாற்றியது. என்னை, நம்பிக்கைக்கு உரியவரில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியது. அவருக்கு மாற்றம், எனக்கு வெளியேற்றம். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாலு மாதம் கழித்து ராசன் செத்துப்போனான். கடைசி வாரங்களில் அவனால் படுக்க முடியவில்லை. தலையணையை மடியில் வைத்து, அதில் குனிந்தபடி இருந்துதான் மூச்சு விட்டான்.

செத்த வீட்டுக்கு, மாற்றலாகிப் போன அதே மனேஜர் வந்தார். கம்பனியின் பேர் எழுதிய பூ வளையத்தை டிரைவர் தூக்கிவந்தார். மலர் எழும்பி வாசலுக்குப் போனாள். அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"அவரிட்டக் கொண்டுபோக வேண்டாம். உங்கட பேர் எழுதின ஒண்டும் இனி அவற்ர நெஞ்சுக்கு மேல கிடக்கக் கூடாது."

அவர்கள் அதை வாகனத்தில் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஸ்டோர் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். கொடுத்ததை எழுதுகிற அதே பக்கத்தில் திருப்பி வாங்கியதையும் எழுதுங்கள். வாங்கச் சொன்னவரின் பேரை எழுதி, அவரிடமே கையெழுத்துக் கேளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்று எழுதுங்கள். நான் முதல் வருடமே அதைச் செய்திருந்தால் அந்த அலுமாரி பூட்டிக் கிடந்திருக்காது. சத்தம் போட எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது.

"நீங்கள் உண்மையைச் சொன்னனீங்கள்தானே அக்கா" என்று மலர் இன்றைக்கும் என்னைத் தேற்றுகிறாள். எனக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. படியேறினாலும் மூச்சு வாங்குவதில்லை. சில நாட்களில், ராசனுக்குக் கிடைக்காத அந்த மூச்சை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.