பிள்ளையார் தீர்த்தத்துக்கு வழி தேடிக் கொலிஜ் தெருவுக்கு

பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டே முக்கால். நெற்றியில் திருநீறு பூசி, "பிள்ளையாரே, நீதான் ஒரு வழி காட்டவேணும்" என்று சொல்லிக்கொண்டு மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டினேன். வெளியே சைபருக்குக் கீழே பதினான்கு. போகவேண்டிய இடம் கொலிஜ் தெரு, இத்தாலிக்காரர் கடை வைத்திருக்கும் பகுதி. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ரொறன்ரோவுக்கு வந்து பத்து வருசமாகியும் நான் அந்தப் பக்கம் போனதில்லை. எங்கள் ஆட்கள் அங்கே போகக் காரணமும் இல்லை. எனக்கு அன்று காரணம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கோயில் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு பகுதி. வெள்ளியும் ஞாயிறும் பிள்ளையாருக்கு அபிஷேகம். பீடத்தின் வடக்குப் பக்கத்தில் கோமுகி என்கிற பித்தளை வாய் இருக்கிறது. அதன் வழியாக வரும் தீர்த்தம் வாளியில் விழும், ஒரு தரத்துக்கு நாலு வாளி. அந்த வாளிகளைத் தூக்கி ஊற்றுவது இரண்டு வருசமாக என்னுடைய தொண்டு. எங்கே ஊற்றுவது என்பதுதான் கரைச்சல். அந்தக் கட்டடத்துக்கு ஒரேயொரு கழிவுக் குழாய், கழிப்பறைக்கும் அதுதான். காலில் படக்கூடாதென்று ஒதுங்கி நின்று தலையில் தெளித்துக்கொள்ளும் தீர்த்தத்தை அதற்குள் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. பின்பக்கத்து மேப்பிள் மரத்தடியில் ஊற்றி வந்தேன்.

கோடையில் அது சரி. மாரியில் உறைந்து கண்ணாடிபோல ஆகிவிட்டது. பக்கத்துக் கடைக்குச் சாமான் வான் ஓட்டுகிற மனுசன் அதில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆண்டவன் புண்ணியம், முழங்கை உரசியதோடு போயிற்று. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கட்டடச் சொந்தக்காரர் கடிதம் போட்டுவிட்டார்: இனி வெளியில் ஒரு வாளி ஊற்றினாலும் கோயில் இடத்தை விடவேண்டும். பிழை என்னுடையது, அவரில் குறை சொல்ல ஏலாது. ஞாயிற்றுக்கிழமை நிர்வாகசபைக் கூட்டம். வேறு வழி இல்லையென்றால் குழாய்க்குள் ஊற்றுவதென்று தலைவர் சொல்லிவிட்டார். எனக்கிருந்தது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

தையல் தொழிற்சாலையில் என் பக்கத்து மெசினில் இருப்பவர் றோசா என்கிற இத்தாலிய அம்மா. நான் மூன்று நாளாகச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டு அப்படியே மூடுவதைக் கண்டு, என்னவென்று கேட்டார். சொன்னேன். அவருடைய தங்கையின் மகள் கியாரா இத்தாலியில் கட்டடம் வரைகிறவளாம். கூட்டாளிகள் இரண்டு பேரோடு வந்து, சூழலைக் கெடுக்காத வீடுகளின் மாதிரிகளை ஒரு கிழமை காட்சிக்கு வைத்திருக்கிறாளாம். "அவள் தண்ணியையும் குழாயையும் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள், வந்து கேள்" என்றார்.

ஒன்பது மணி. ஸ்டீல்ஸ் சந்தியில் கென்னடி பஸ் ஏறினோம். ஆளுக்கு இரண்டு டொலர். மாறி ஏறுவதற்கான ட்ரான்ஸ்பர் துண்டு வாங்கினால் முழுத் தூரமும் அதுவே போதும். என் கணவரும் கூட வந்தார். கொலிஜ் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று பஸ்ஸுக்குச் சம்மதித்தவர், வழி முழுவதும் என்னைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

"ஊரிலை கோயில் கட்டினவையெல்லாம் இத்தாலிக்குப் போய்க் கேட்டிட்டே கட்டினவை?"

"ஊரிலை தண்ணி உறையேல்லை" என்றேன்.

கென்னடி ஸ்டேசனில் இறங்கி நிலத்தடி ரயிலுக்கு மாறினோம்.

சப்வேயில் நாற்பது நிமிடம். பாலத்தின் மேல் போகும்போது கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மனதுக்குள் விநாயகர் அகவலைச் சொல்லி முடிக்க ஒசிங்ரன் ஸ்டேசன் வந்தது. அங்கிருந்து தெற்கே போகிற பஸ். சாரதியிடம் கொலிஜில் இறக்கிவிடச் சொன்னேன். அவரும் மறக்காமல் தெருவின் பெயரைச் சொல்லி இறக்கிவிட்டார்.

பத்தே காலுக்குக் கொலிஜ் தெருவில் நின்றோம். பேக்கரியில் பாண் வேகிற மணம். ஒரு கடைக்குள் நுழைந்து கோப்பி கேட்டோம். ஒரு டொலருக்குச் சிரட்டையளவுகூட இல்லாத கோப்பையில் கறுப்பாகக் கொஞ்சம் தந்தார்கள். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "உது கோப்பியோ, வயித்துக்குத்துக்குக் குடுக்கிற கசாயமோ?" என்றார். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

காட்சி நடந்தது ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில். நுழைவு இலவசம். வாசலில் நாங்கள் வழக்கம்போலச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். மற்ற எல்லாரும் சப்பாத்தோடு நின்றார்கள். திரும்பிப் போய்ப் போட வெட்கமாக இருந்ததால் காலுறையோடேயே சுற்றிப் பார்த்தோம்.

தக்கையாலும் மட்டையாலும் செய்த சின்னச் சின்ன வீடுகள். ஒன்றுக்குத் தெற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி, அதற்குப் பின்னால் தடித்த சுவர். பகல் வெயிலைச் சுவர் வாங்கி வைத்திருந்து இரவில் திருப்பித் தருமாம். இன்னொன்று, இடித்த பழைய ஆலையின் செங்கல்லையும் மரத்தையும் கொண்டே கட்டுவது. மூன்றாவது மண்சுவர் வீடு. அதன் முன்னால் இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கடை சனம் ஒரு கல்வீடு கட்டவெண்டு சீவியம் முழுக்க உழைக்குது. உவை படிச்சுப்போட்டு மண்வீடெல்லோ காட்டினம்."

"இஞ்சருங்கோ, மெதுவாக் கதையுங்கோ" என்றேன். யாருக்கும் விளங்கப்போவதில்லை என்றாலும் எனக்குக் கூச்சம்.

றோசா வந்து எங்களைக் கியாராவிடம் கூட்டிப்போனார். இருபத்தேழு வயதிருக்கும். விரலெல்லாம் பென்சில் கறுப்பு. அவளுக்கும் அரைகுறை ஆங்கிலம், எனக்கும் அரைகுறை. இடையில் றோசா. ஒரு சாமிக்கு ஊற்றிய தண்ணீரைக் கழிப்பறைக் குழாயில் விடமாட்டேன் என்று இந்தக் காலத்துப் படித்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டால்? ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தேன். வழுக்கி விழுந்த மனுசனையும் மறைக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. றோசாவின் பக்கம் திரும்பி இத்தாலிய மொழியில் சொன்னாள். அதை என் பாஷையில் எழுதுகிறேன்.

"எங்கடை பழைய மாதா கோயில்களிலையும் உப்பிடி ஒரு தொட்டி இருக்கு. பூசைப் பாத்திரம் கழுவின தண்ணியை அதுக்குள்ளைதான் ஊத்துவினம். அந்தக் குழாய் சாக்கடையோடை சேராது, நேரை மண்ணுக்குப் போகும். படிக்கேக்கை ஒரு கோயில் திருத்தத்திலை நான்தான் அந்தக் குழாயை வரைஞ்சனான்."

றோசாவும் ஓம் ஓம் என்று தலையாட்டி, சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு நாளும் என்னை ஒரு பிடிவாதக்காரி என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். நானும் அப்படித்தானோ என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

பிறகு அவள் தன் மண்சுவர் வீட்டின் கூரையைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே இரண்டு குழாய். ஒன்று கழிப்பறைக்கு. மற்றது குளிக்கிற, கழுவுகிற தண்ணீருக்கு. அது கல்லும் மணலும் நிரப்பிச் செடி நட்ட ஒரு தொட்டிக்குப் போகிறது. செடி குடிக்கும், இலை வழியாகத் தண்ணீர் காற்றோடு போய்விடும். அவர்கள் ஊரில் கோடையில் தண்ணீர் தட்டுப்பாடு, அதனால்தான் இதில் இறங்கினோம் என்றாள். எங்களுக்கு நிலத்தைத் தோண்ட அனுமதி இல்லையென்றேன். தோண்டத் தேவையில்லை, தெற்கு யன்னலுக்குக் கீழே ஒரு பெட்டி போதும் என்று சொல்லித் தாளை எடுத்தாள்.

தீர்த்தத்தில் என்னென்ன சேரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பால், தயிர், தேன், இளநீர், மஞ்சள், சந்தனம், எண்ணெய். பாலும் எண்ணெயும் என்றதும் பென்சிலை வைத்துவிட்டாள். அவை மண்ணை அடைத்து நாறப்பண்ணுமாம். ஒரு கிழமைக்கு எட்டு வாளி அதிகம், நாலைத்தான் செடி தாங்கும் என்றாள். அபிஷேகத்தைக் குறை என்று ஐயரிடம் சொல்ல நான் யார்?

பன்னிரண்டரைக்கு விடைபெற்றோம். காசு எவ்வளவு என்று கேட்டதற்குக் கியாரா என் கையைத் தட்டிவிட்டாள். நான் கொண்டுபோன மோதகத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. இவர் கியாரா வரைந்து தந்த வரைபடத்தைச் சுருட்டித் தன் கோட்டுக்குள் வைத்து, மேல்பட்டன் வரை பூட்டினார். பஸ்ஸில் ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எட்டடிப் பெட்டி. பலகை நான் அடிப்பன்" என்றார். மண்வீட்டைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்குப் போனோம். ஐயர் வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தார். பாலையும் எண்ணெயையும் வாளிகளையும் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பால் ஒரு கரண்டி, தண்ணி ரெண்டு வாளி காணும். எண்ணெய்க்காப்பைத் துணியிலை ஒத்தி எடுப்பம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, இந்தக் குளிருக்குள்ளை அவரை நாலு வாளியிலை குளிப்பாட்டிறது எனக்கும் பாவமாத்தான் இருந்தது" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஞாயிறு கூட்டத்தில் ஐயரே எழுந்து பேசியதால் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. கட்டடச் சொந்தக்காரர் வந்து பார்த்து, உள்ளே ஒரு பூச்சாடி வைப்பதற்கு என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் புதன்கிழமை பெட்டியை அடித்து, உள்ளே தடித்த பிளாஸ்ரிக் விரித்தார். அடியில் கூழாங்கல், மேலே மணல், அதன்மேல் மண். கியாரா எழுதித் தந்த செடிகளில் கல்வாழையும் ஒன்று. அதை நட்டோம். பூத்தால் பிள்ளையாருக்குச் சாத்தலாம்.

வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிந்து வாளியைத் தூக்கிப்போய் மெல்ல ஊற்றினேன். தண்ணீர் மண்ணின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு மஞ்சளும் சந்தனமும் மேலே தங்க, சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. நான் குனிந்து பெட்டிக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன். தரை காய்ந்தபடி இருந்தது. பின்கதவைத் திறந்து பார்த்தேன். மேப்பிள் மரத்தடியில், உப்புப் போட்டுப் பனிக்கட்டி கரைந்த ஈரம் மட்டும்.

இத்தாலி எங்கே இருக்கிறதென்று படத்தில் காட்டச் சொன்னால் நான் தடுமாறுவேன். அந்த ஊர்க் கோயிலிலும் தண்ணீரை எங்கே விடுவது என்று யாரோ கவலைப்பட்டுத் தனியாக ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள். அதை அறியத்தான் பிள்ளையார் என்னை இரண்டு டொலர் பஸ்ஸில் ஏற்றினார் என்று நம்புகிறேன்.

திங்கட்கிழமை மத்தியானம் தொழிற்சாலையில் சாப்பாட்டு மணி அடித்தது. நான் சாப்பிட்டு முடித்ததும் றோசா எட்டி என் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு பருக்கை இல்லை. மூடி வைத்துவிட்டு, தன் மெசினுக்குத் திரும்பினார்.