மாஸ்டருக்கு வலிக்காத ஊசி

எங்கள் தையல் கூடத்தில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவளை எல்லோரும் காஜாக்கா என்போம். அவள் போட்ட தையல் லேசில் பிரியாது. அவள் கோபமும் அப்படித்தான்.

சர்க்கரைக்காரி. சாப்பிடுவதற்கு முன் இன்சுலின் போட்டாக வேண்டும். மெஷினோரம் திரும்பி உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்வாள். கட்டிங் மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை.

"துணி புழங்கற எடத்துல என்ன கூத்து இது? கக்கூஸ்ல போய்க் குத்திக்க" என்றார், எல்லோர் முன்னாலும். அன்றிலிருந்து அந்த நாற்றத்தில், மூக்கைப் பொத்தக்கூடக் கை ஒழியாமல் போட்டுக்கொண்டாள்.

"இந்தாளுக்கும் வரும்டி. அன்னிக்கு வெச்சுக்கறேன்" என்று என்னிடம் கறுவினாள்.

வந்தது. சர்க்கரை வியாதி ஆள் பார்த்தா வருகிறது? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தைச் சில்லென்று அப்படியே ஏற்றுவாராம் மாஸ்டர். ஒரே ஊசியை மழுங்கும்வரை விடமாட்டாராம். மரத்துப்போன இடத்தில் வலிக்காதென்று வயிற்றில் அங்கேயே குத்திக் குத்திக் கட்டியாகிவிட்டது. மருந்தும் சரியாகப் பிடிக்கவில்லை. கத்தரி பிடித்த கைக்குத் தன் தோல் என்றதும் நடுக்கம்.

"நீயே கொஞ்சம் போட்டு விடும்மா" என்று அவளிடமே வந்து நின்றார். அம்மாவாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா வலிக்கிற மாதிரி குத்துக்கா" என்று காதில் ஓதினேன்.

"வாங்க மாஸ்டர், கக்கூஸுக்குப் போலாம்" என்றாள் காஜாக்கா, கூடமே கேட்கும்படி. மெஷின்கள் நின்றன. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். மருந்துக் குப்பியைச் சில்லிப்புப் போகும்வரை உள்ளங்கையில் வைத்திருந்தாள். புது ஊசி எடுத்தாள். மேல்கைச் சதையைப் பிடித்து நிதானமாக ஏற்றினாள்.

"போட்டாச்சா? வலிக்கவே இல்லையே!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு ஆத்திரம். "என்னக்கா, விட்டுட்டியே?"

"விட்டேன்னு யாருடி சொன்னா?"

மறுநாள், "எனக்கும் சொல்லிக் குடும்மா" என்றார்.

"அது கைவாகு மாஸ்டர், உங்களுக்கு வராது. அதான் நான் இருக்கேன்ல?" என்றாள் தேனொழுக. பிறகு அவர் பெண்டாட்டி போட்டாலும் அவருக்குச் சரிப்படவில்லை.

போன ஞாயிறு காஜாக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் மாஸ்டர், கையில் மருந்து, முகமெல்லாம் பசி.

"இன்னும் ஒண்ணும் சாப்பிடலம்மா..."

"இதோ வந்துட்டேன் மாஸ்டர்!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் காஜாக்கா. கூந்தலை அவிழ்த்துப் போட்டு, ஆற அமரச் சிக்கெடுக்க உட்கார்ந்தாள்.