அண்ணன் தம்பி படம்

தோஹாவில் நஜ்மா பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த அந்த அறைக்குப் பேச்சிலர் ரூம் என்று பெயர். ஆறு பேரில் ஐந்து பேருக்கு ஊரில் மனைவி, பிள்ளை, மாமியார் எல்லாம் உண்டு. நிஜமாகவே பேச்சிலர் என்று இருந்த ஒரே ஆள் இன்பமணி. அந்த அறையால் பொறுத்துக்கொள்ள முடியாததும் அவனைத்தான். நாற்பதை நெருங்கும் ஒருவன் கல்யாணம் ஆகாமல் நிம்மதியாகக் குறட்டை விட்டால், மற்ற ஐந்து பேருக்கும் எப்படித் தூக்கம் வரும்?

இன்பமணி குளச்சல்காரன். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் ஏ.சி. மெக்கானிக் ஆனவன். ஒரு ஹோட்டலில் வேலை. அறை குளிரவில்லை என்று வெள்ளைக்காரர்கள் திட்டுவதைக் கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் கற்றுக்கொண்டான். கற்ற பாவத்துக்கு, வெள்ளிக்கிழமைதோறும் பிரியாணி முடிந்ததும் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கிலீஷ் படத்தில் ஆள் வாயைத் திறக்கத் திறக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அறைக்கு அவன் மேல் அபார நம்பிக்கை. அமெரிக்க ராணுவ ஜெனரல் குளச்சல் தமிழில் கெட்ட வார்த்தை பேசியபோதுகூட யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கு வேறொரு கணக்கும் தீர வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டில் ஜெயசீலன், அவனும் குளச்சல்தான், தன் சித்தி மகள் ஷாஜினியை இவனுக்குப் பேசி வைத்திருந்தான். ஷாஜினி சவுதியில், தம்மாமில் நர்ஸ்.

"படம் முடிஞ்சதும் சித்திக்கு பதில் சொல்லணும் மக்கா. இனியும் இழுத்தடிக்காத. அந்தப் புள்ளையும் காத்துக் கெடக்கு" என்றான் ஜெயசீலன்.

ஷாஜினியின் போட்டோ இன்பமணியின் போனில் இருந்தது. சிரித்த முகம். அவளிடம் ஒரு குறையும் இல்லை. இன்பமணிக்குத்தான் பெண்கள் மேல் அந்த மாதிரி ஆசை வந்ததே இல்லை. வந்ததெல்லாம் ஆண்கள் மேல். இதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. இங்கே சொன்னால் வேலை போகும், விசா போகும், கம்பி எண்ணவும் நேரலாம். ஊரில் சொன்னால் அம்மா ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துப் போய்ப் பேய் ஓட்டுவாள். கடல் தாண்டியும் இரண்டு ஊரும் இந்த ஒரு விஷயத்தில் என்ன ஒற்றுமை!

படத்தைத் தேர்ந்தெடுத்தது பெரம்பலூர் வேலுச்சாமி. பென்டிரைவில் துப்பாக்கியும் முள்வேலியும் தெரிந்த படமாகப் பார்த்து எடுத்தான். "ஹிட்லர் படம்ப்பா. குண்டு பறக்கும் பாரு" என்றான். குண்டு ஒன்றும் பறக்கவில்லை. பெர்லினில் ஒரு தையல்காரனும் ஒரு பியானோக்காரனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தையல்காரன் மற்றவனின் தலைமுடியைக் கோதிவிட்டான். கோதிய விதத்தில் இன்பமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என்னப்பா பேசிக்கிறாங்க?"

"அண்ணன் தம்பி" என்றான் இன்பமணி. "அம்மை இல்லாத புள்ளைங்க. அண்ணந்தான் வளத்தான்."

அறை உச்சுக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அண்ணனும் தம்பியும் முத்தமிட நெருங்க, இன்பமணி பாய்ந்து ரிமோட்டை அமுக்கிப் படத்தை வேகமாக முன்னால் ஓட்டினான். விளம்பரம் என்றான். ஹிட்லர் காலத்து பெர்லினில் விளம்பர இடைவேளை எப்படி வந்தது என்று எவனும் கேட்கவில்லை.

போலீஸ் வந்தது. இருவரையும் அடித்து, கோர்ட்டில் தண்டனை வாங்கிக் கொடுத்து, முகாமுக்கு இழுத்துப் போனார்கள். சட்டையில் ரோஸ் கலர் முக்கோணம் தைத்தார்கள். மற்ற கைதிகளுக்கு வேறு வேறு நிறம்.

"அது என்ன ரோஸ் கலரு?"

"வெளிநாட்டுலேருந்து வேலைக்கு வந்தவங்களுக்கு அது. இங்க கம்பெனிக்குக் கம்பெனி வேலைக்குப் போடுற கவரால் டிரெஸ் கலர் மாறும்லா, அதுமாதிரி."

இது ஐந்து பேருக்கும் பளிச்சென்று புரிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் படம் பார்க்கவில்லை, சொந்தக் கதையைப் பார்த்தார்கள். கல்குவாரியில் காவலர்கள் ரோஸ் கலர்காரர்களைத் தேடிப் பிடித்து அதிகமாக அடித்தார்கள். மற்ற கைதிகளும் அவர்களோடு சேர்ந்து நிற்கக் கூசினார்கள். பியானோக்காரத் தம்பி கல்லோடு சரிந்து விழுந்து செத்தபோது வேலுச்சாமி வாய்விட்டு அழுதுவிட்டான். வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேசாத தன் தம்பிக்கு நாளைக்கே போன் போடுவதாக எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தான்.

அத்தோடு படம் முடிந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. சண்டையில் ஹிட்லர் தோற்றான். ஜெயித்தவர்கள் வந்து முகாமைத் திறந்து, எல்லோருக்கும் ரொட்டியும் கம்பளியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல்காரனை மட்டும் நீதிபதி முன்னால் நிறுத்தி, மிச்சத் தண்டனையை அனுபவிக்கச் சொல்லி மறுபடி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். முகாமில் பட்டதெல்லாம் கணக்கில் வராதாம்.

வேலுச்சாமி எழுந்தே நின்றுவிட்டான். "ஏம்ப்பா, ஜெயிச்சது நல்லவங்கதானே? அப்புறம் எதுக்கு அந்த அண்ணன உள்ள வைக்கிறாங்க?"

அவனுக்கு விசா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த அறையில் யாரும் மறுகேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இன்பமணிக்கு அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வேலுச்சாமியின் கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. அந்த அழுகை ஒருமுறையாவது சரியான விலாசத்துக்குப் போய்ச் சேரட்டும் என்று அவனுக்கு அடக்க முடியாத ஆசை வந்தது.

"அவங்க அண்ணன் தம்பி இல்ல. ரெண்டு ஆம்பளைங்க, ஒருத்தன ஒருத்தன் விரும்பினாங்க. ரோஸ் கலரு அதுக்குத்தான். ஹிட்லர் இறுக்கின சட்டத்த ஜெயிச்சவங்களும் அப்படியே வச்சுக்கிட்டாங்க."

வேலுச்சாமி அவசரமாக முகத்தைத் துடைத்தான். "அத மொதல்லயே சொல்லக் கூடாதா? வீணா அழ வச்சிட்டியே!"

"அப்ப கோர்ட்டு செஞ்சது சரிதான்" என்றான் சுவர் ஓரக் கட்டில்காரன். அவனும் சற்று முன் மூக்கைச் சிந்தியவன்தான். எல்லோரும் சிரித்தார்கள். வேலுச்சாமி டீ போடப் போனான். தம்பிக்குப் போன் போடும் பேச்சும் அவனோடு போய்விட்டது. கல்குவாரிக் காவலர்கள் மேல்கூட இன்பமணிக்கு வராத கோபம், டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்ட அந்த நல்ல மனிதன் மேல் வந்தது.

"அத விடு மக்கா" என்றான் ஜெயசீலன், போனை எடுத்துக்கொண்டு. "சித்திக்கு என்ன சொல்ல?"

"வேண்டாம்ணு சொல்லு."

"ஏம்லே? அவளுக்கு என்ன கொற?"

"ஒரு கொறையும் இல்ல. நல்ல புள்ள." இன்பமணியின் குரல் தணிந்தது. "அவ என்ன தப்பு செய்தா? அவளையும் எதுக்குலே உள்ள போடணும்?"

ஜெயசீலன் அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தான். பிறகு இன்பமணியைப் பார்த்தான். ஜெயசீலன் முகத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் விளங்கிக்கொண்டு வருவது தெரிந்தது. சித்திக்குப் போன் போட்டு, அறைக்கே கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசினான்.

"சித்தி, ஜெயசீலன் பேசுறேன். இன்பமணிக்கு ஊருல வேற எடத்துல பேசி முடிச்சாச்சாம். நமக்குக் குடுத்து வைக்கல."

இன்பமணிக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. தனக்காகவும் ஒருவன் கதையை மாற்றிச் சொல்கிறான். நன்றி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஜெயசீலன் தன் கட்டிலைப் பிடித்து எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுக்க ஆரம்பித்திருந்தான்.

"இந்தப் பக்கம் ஏ.சி. சரியா குளிரல" என்றான், இன்பமணியின் முகத்தைப் பார்க்காமல்.

அந்த ஏ.சி.யைப் போன வாரம்தான் இன்பமணி கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருந்தான். அது நன்றாகவே குளிர்ந்தது.

"சரி மக்கா" என்று சொல்லி, கட்டிலின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தான்.