கேப்டன் தூக்காத கை

தறி ஓடும்போது எங்கள் ஷெட்டில் யாரும் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. எல்லாம் கைச்சைகைதான். அன்று காலை எதிர்த்தறி சரஸ்வதி தன் மேல்கையைச் சுற்றி விரலால் ஒரு பட்டை போட்டுக் காட்டினாள். கேப்டன் என்று அர்த்தம். பிறகு, போய்விட்டார் என்று மேலே காட்டினாள். “போடி!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நகரி மைதானத்தில் ஆட்டம் பார்த்த உங்களுக்குத் தணிகாசலம் அண்ணனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விசைத்தறி ஓட்டியவர். தலை நரைக்கும்வரை நம் கால்பந்து கிளப்புக்குக் கேப்டன். மைதானத்திலும் அவர் கத்தமாட்டார். ஆடுகிறவர்கள் எல்லாரும் தறிக்காரர்கள், கையைக் காட்டினால் போதும். ஆட்டத்துக்கு முன்னால் மட்டும் வாயைத் திறப்பார்: “ஜெயிச்சா ஊட்டுக்குப் போங்க. தோத்தா என்னாண்ட வாங்க.”

திருப்பதி அரையிறுதியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கடைசி நிமிடங்கள், இரண்டு பக்கமும் கோல் இல்லை. என் தம்பி வேலு பின்வரிசையில் நின்றான். நம்மவர்கள் மேளத்தைப் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பொறுக்கமுடியாமல் நம் ஆள் ஒருவரே கோட்டுக்கு வெளியே நின்று, நிறுத்துங்கடா என்று உள்ளங்கையை உயர்த்தினார். பெயரைச் சொல்லமாட்டேன், படிக்கும்போது அவருக்கே உறைக்கும். ஷெட்டில் அந்தக் கை உயர்ந்தால் நூல் அறுந்துவிட்டது, தறியை நிறுத்து என்று பொருள். யோசிக்க நேரமில்லை, உடம்பு தானாக நின்றுவிடும். வேலுவும் நின்றான். எதிரணிக்காரன் அவனைத் தாண்டிப் போய்க் கோல் போட்டான்.

வெளியே வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாம் நம் ஊர்க்காரர்களே! “மேட்ச வித்துட்டான்டா! எறக்குங்கடா அவன!” சிலர் கையில் கல். வேலு சீட்டுக்கு அடியில் தலையைக் கவிழ்த்திருந்தான். நான் கதவருகே நின்று, வந்த வசவையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தேன். ஒருவன் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைப் பிடித்து இழுத்தான். ஐயோ, தம்பி செத்தான் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் கேப்டன் குறுக்கே வந்தார். “கைய தூக்குனது நானு. ஆஃப்சைடுன்னு நெனச்சிக்கினேன். என் பேச்சக் கேட்டுத்தான் அவன் நின்னான். அடிக்கிறதுன்னா என்ன அடிங்க.”

ஒருவன் அவர் முகத்திலேயே காறித் துப்பினான். துடைக்காமல், கதவை மறைத்துக்கொண்டு நின்றார். கூட்டம் கலையும்வரை அங்கிருந்து நகரவில்லை.

அவர் கை தூக்கவேயில்லை. நடுமைதானத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். புத்தூரில் டீக்கு இறங்கியபோது, “ஏன்ணா பொய் சொன்னீங்க?” என்று சண்டைக்கே போனேன். “என்ன நாலு நாளு திட்டுவாங்க மல்லி. அவன திட்டுனா இனிமே பந்தத் தொடமாட்டான். நீ வாயத் தொறந்தே, அவ்ளோதான்” என்றார்.

அடுத்த ஆட்டம் சித்தூரில். வேலுவை வெளியே உட்காரவைக்கச் சொல்லி எல்லாரும் நெருக்கினார்கள். கேப்டன் அவனை அதே இடத்தில் நிறுத்தினார். அவன் காலுக்குப் பந்து போனாலே நம் பக்கமிருந்தே ஊளை. வந்த பந்தை அவன் கேப்டனிடமே தள்ளிவிட்டான். அவர் திரும்ப அவனுக்கே கொடுத்தார். எதிரணி பாய்ந்து வருகிறது, மறுபடியும் அவனுக்கே! “குடுக்காதீங்கண்ணா!” என்று நானே கத்திவிட்டேன். கடைசியில் வேலு தலையை நிமிர்த்தி, பந்தை நீளமாக அடித்தான். ஊளை அடங்கியது. அன்று ஆட்டம் டிரா.

கேப்டனின் இழவு வீட்டில் ஒருவர் ஆரம்பித்தார்: “தங்கமான மனுசன்தான். அன்னிக்கு அந்தக் கைய மட்டும் தூக்காம இருந்திருந்தா...” பிணத்தை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? கை தூக்கியது அவர் இல்லை என்று அத்தனை பேர் முன்னாலும் உடைத்துச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பாடையருகே வேலு நிற்பதைப் பார்த்தேன். இத்தனை காலம் அவனுக்கும் இது தெரியாது என்றுதான் நம்பியிருந்தேன்.

“எனக்கு அப்பவே தெரியும்க்கா. அந்தக் கை வெளியிலேர்ந்து வந்துச்சி” என்றான். “அன்னிக்கே ஷூவக் கழட்டிக் கெடாசியிருப்பேன். எனக்காக அந்த மனுசன் துப்பு வாங்கிக்கினு நின்னாரே, அப்புறம் எப்புடிக்கா ஆட்டத்த வுட்றது?”

என்னிடம் அவருடைய போட்டோகூட இல்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு வரவேண்டிய வசவுகளை, சாகும்வரை தன் பேரில் வாங்கிக்கொண்டார். தம்பி இன்றைக்கும் ஆடுகிறான். கேப்டன் எங்களுக்கு விட்டுப்போனது அதுதான்.