கண்ணை மூடினவங்க எத்தனை பேரு

டார்ச்சுக்குன்னு ஒரு பேரு இருக்கத்தான் செய்யுது. ஆனா அந்தத் தியேட்டர்ல முப்பத்தொரு வருஷமா அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. இருட்டுல சீட்டு காட்டுறதுதான் வேலை. கையில டார்ச்சு, அதனால ஆளும் டார்ச்சு. வீட்டுக்காரம்மாவே கோவம் வந்தா, "ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டுற மனுஷனுக்கு வீட்டுல உப்பு டப்பா தெரியல"ன்னுதான் ஆரம்பிப்பாங்க.

அவரைப் பத்தி ஒண்ணு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அந்தத் தியேட்டர்ல வருஷா வருஷம் அஞ்சு நாள் பேய்ப்பட விழா நடக்கும். பத்தொன்பது வருஷமா அஞ்சு நாளும் டார்ச்சு வேலைக்கு வந்திருக்காரு. ஆனா ஒரு பேயையும் பார்த்ததில்ல.

இல்ல, பொய் சொல்லக்கூடாது. மொத வருஷம், மொத படம், ஒரு பதினஞ்சு நிமிஷம் பார்த்தாரு. படத்துல ஒரு அலமாரிக் கதவு தானா திறந்துச்சு. அவ்வளவுதான். கையில இருந்த டார்ச்சு நழுவி, எரிஞ்ச மேனிக்கே சரிவுல உருண்டு, கடைசி வரிசையிலேருந்து திரை வரைக்கும் போயிடுச்சு. அன்னிக்கு ஜனம் பேயை விட அந்த டார்ச்சைப் பார்த்துதான் அதிகம் அலறுச்சு. அதோட சரி. விழா நாள்ல அவரு நிக்குற இடம் திரைக்குக் கீழ, கதவோரம். முதுகு பேய்க்கு, முகம் ஜனத்துக்கு.

இதைக் கவனிச்சது மேனேஜர்தான். "அண்ணே, படத்தைப் பார்க்கவே மாட்டேங்கிறீங்களே, அப்புறம் உள்ள என்னதான் பார்க்கிறீங்க?"ன்னு ஒரு நாள் கேட்டாரு.

"ஜனத்தைப் பார்க்கிறேன் சார். இன்னிக்கு முப்பத்தாறு பேரு கண்ணை மூடினாங்க. அதுல ஒருத்தரு பையைத் தலையில கவுத்துக்கிட்டாரு."

மேனேஜர் அந்த எண்ணிக்கையை அப்படியே பிடிச்சுக்கிட்டாரு. விழாவோட மூணாம் நாள் மத்தியானம் குட்டிப் படங்களா போடுவாங்க. எந்தப் படத்துக்கு அதிகம் பேரு கண்ணை மூடுறாங்களோ, அதுக்குத்தான் பரிசு. எண்ணுறவரு டார்ச்சு. அமுக்கினா ஒரு எண் கூடுற குட்டி மிஷினை அவரு கையில குடுத்துட்டாங்க. அதுக்கு அவரா சில விதியும் வெச்சிருந்தாரு. கண்ணைச் சிமிட்டினா சேராது, மூணு மூச்சு நேரம் மூடியிருக்கணும். பக்கத்து ஆளு தோள்ல முகத்தைப் புதைச்சா சேரும், ஆனா காதல் ஜோடியா இருந்தா ரெண்டு தடவை பார்த்துத்தான் சேர்ப்பாரு. கைப்பேசியைப் பார்த்தா சேராது. அது பயம் இல்ல, அலுப்பு. இத்தனை வருஷத்துல அவரு சொன்ன எண்ணை ஒருத்தரும் மறுத்ததில்ல.

இந்த வருஷம்தான் சிக்கல் வந்துச்சு. அவரு மகளே ஒரு படம் எடுத்து விழாவுக்கு அனுப்பிட்டா. அதையும் போட்டிக்குத் தேர்ந்தெடுத்துட்டாங்க.

மகளுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல போன் எடுக்கிற வேலை. மருமகன் லாரி ஓட்டுறவரு, வாரத்துல நாலு நாள் வெளியூரு. நிறைமாசமா அப்பா வீட்டுக்கு வந்தவ, சும்மா காலை நீட்டி உட்காரல. நாலு ஞாயித்துக்கிழமை, ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற பொண்ணை நடிக்க வெச்சு, அப்பா வீட்டுப் பின்னறையிலேயே ஒன்பது நிமிஷப் படத்தை எடுத்து முடிச்சுட்டா. அதுக்கப்புறம்தான் குட்டி பொறந்தா.

குட்டியைப் பத்தி ஆரம்பிச்சா டார்ச்சு நிறுத்த மாட்டாரு. கை ரெண்டும் மூடியேதான் இருக்கும், ஏதோ உலகத்து ரகசியமெல்லாம் உள்ள வெச்சிருக்கிற மாதிரி. கொட்டாவி விட்டா இவருக்கும் கொட்டாவி வரும். டிக்கெட் கிழிக்கிற இடத்துல, வர்றவன் போறவன்கிட்டயெல்லாம், "எங்க குட்டி இன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சா"ன்னு சொல்லி, வரிசையையே நிறுத்தி வெச்சிருக்காரு.

குட்டிக்குப் பன்னெண்டு நாள் ஆனப்ப ஒரு சண்டை வந்துச்சு. சாயந்திரம் பசிக்கு அழுதுக்கிட்டிருக்கா. மக பாலைக் குடுக்காம மைக்கை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா.

"ஏம்மா, பசிக்கு அழுற புள்ளைகிட்ட மைக்கை நீட்டுறியே, நீ தாயா பேயா?"

"அரை நிமிஷம்பா. சும்மா ஞாபகத்துக்கு."

டார்ச்சு ரெண்டு நாள் மககூடப் பேசல. மூணாம் நாள் குட்டிக்குத் தும்மல் வந்துச்சு, சண்டையும் அதோட போச்சு.

விழாவுக்கு ரெண்டு நாள் இருக்கையில மக சொன்னா: "ஜெயிச்சா, அடுத்த வருஷம் பெரிய படம் எடுக்க விழாக்காரங்களே கேமராவும் ஆளும் தர்றாங்கப்பா. தோத்தா, இந்த ஆசையை மூட்டை கட்டிட்டு லீவு முடிஞ்சதும் போனை எடுக்கப் போயிடுவேன். ரெண்டும் ஒண்ணா இழுத்துக்கிட்டு என்னால ஓட முடியாது." சொல்லிட்டு, சாயம் போன துணியை மடிக்கிற மாதிரி மெதுவா குட்டியோட துணியை மடிச்சா. டார்ச்சுக்கு அந்தக் கையைப் பார்க்க முடியல.

மறுநாளே மேனேஜர்கிட்ட போயி நின்னாரு. "சார், அதுல ஒண்ணு என் மக படம். இந்தத் தடவை வேற யாரையாச்சும் எண்ணச் சொல்லுங்க."

"அண்ணே, பேயே வந்து சொன்னாலும் உங்க எண்ணிக்கைய மாத்த மாட்டீங்க. நீங்களே எண்ணுங்க."

வெளிய பாப்கார்ன் கடை போட்டிருக்கிற அக்கா இதைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. டார்ச்சுக்கு ரெண்டு வயசு மூத்தவங்க, வாயில நூல் போட்டுத் தைச்சாலும் பேச்சு நிக்காது. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. வேலியைக் காவலுக்கு வெச்சாச்சு, பயிரு என்ன ஆகுமோ!"ன்னு இழுத்தாங்க.

"அக்கா, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"சும்மாதான்யா சொன்னேன். உன் மூஞ்சியைப் பார்த்தா உனக்குத்தான் பேய் பிடிச்சிருக்கு."

மூணாம் நாள் மத்தியானம் தியேட்டர் நிறைஞ்சிடுச்சு. ஆறு படம். டார்ச்சு கதவோரம் நின்னு எண்ண ஆரம்பிச்சாரு. முதல் படத்துக்குப் பத்தொன்பது. ரெண்டாவதுக்கு இருபத்தாறு. நாலாவது படத்துக்கு ஜனம் கொத்துக் கொத்தா கையைத் தூக்கி முகத்துல வெச்சுச்சு: நாப்பத்தொண்ணு. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அவரு மக நெஞ்சு மேலயே அமுக்குற மாதிரி இருந்துச்சு.

கடைசிப் படம் அவளோடது. ஏழாவது வரிசை ஓரத்துல உட்கார்ந்திருந்தா. எல்லாரும் திரையைப் பார்க்கிறாங்க, அவ மட்டும் அப்பாவோட கட்டைவிரலையே பார்க்கிறா.

ஒரு நிமிஷம். ஒருத்தரும் மூடல. ரெண்டு நிமிஷம். ஒரு அம்மா மூடினாங்க, டிக். மூணாவது வரிசையில ஒருத்தரு, டிக். நாலு நிமிஷம் ஆச்சு, ஆறு பேரு. ஜனம் முன்னாடி சாஞ்சு உட்கார்ந்திருக்கு, வாயைத் திறந்து வெச்சிருக்கு, கண்ணையும் திறந்தே வெச்சிருக்கு. டார்ச்சு ஒவ்வொரு வரிசையா திரும்பத் திரும்பப் பார்க்கிறாரு. "மூடுங்கடா, மூடித் தொலைங்கடா"ன்னு மனசுக்குள்ள கெஞ்சுறாரு. ஆறு நிமிஷம், பதினொண்ணு.

அப்பத்தான் அந்தச் சத்தம் வந்துச்சு.

மொதல்ல ரெண்டு குட்டி விக்கல். அப்புறம் துருப்பிடிச்ச பூட்டுல சாவி திரும்பாத மாதிரி ஒரு கரகரப்பு. அதுக்கப்புறம்தான் அழுகை.

குட்டிக்கு இப்ப மூணு மாசம். இப்பல்லாம் அவ பஸ் ஹாரன் மாதிரி ஒரே மூச்சுல அழுறா. இந்த விக்கலும் கரகரப்பும் மொத ரெண்டு வாரத்துச் சத்தம். எந்த நாள்ல அது நின்னு போச்சுன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது. போனது போச்சுன்னு டார்ச்சு நினைச்சுக்கூடப் பார்த்ததில்ல. அது இப்ப முதுகுக்குப் பின்னாடிலேருந்து கூப்பிடுது.

பத்தொன்பது வருஷத்துல மொத தடவையா டார்ச்சு திரும்பினாரு.

திரையில அவரு வீட்டுப் பின்னறை. சுவத்துல அவரு அடிச்ச ஆணி. அவரே முடுக்கி, கடைசியில ஒரு திருகாணி மிச்சமாயி, அது எங்க போகணும்னு தெரியாம சட்டைப் பையில போட்டுக்கிட்ட அதே தொட்டில். உள்ள யாருமில்ல. அழுகை மட்டும் வருது. டார்ச்சுக்குக் காலு தானா நடந்துச்சு. ஒரு அடி, ரெண்டு அடி, மூணு அடி. கையை நீட்டிட்டாரு. நீட்டின கையில டார்ச்சு எரிஞ்சிடுச்சு. வெளிச்சம் நேரா தொட்டில்ல போயி விழுந்துச்சு.

சீட்டு காட்டுற ஆளு திரையில வெளிச்சம் அடிக்கிறதுன்னா, அது டிரைவர் எதிர்ப்பக்கம் ஓட்டுற மாதிரி. பின்னாடி என்னென்னமோ சத்தம் கேட்டுச்சு. யாரு கண்ணை மூடினா, யாரு திறந்தா, ஒண்ணும் தெரியாது. படம் முடிஞ்சு லைட்டு போட்டப்பதான் சுயநினைவே வந்துச்சு.

மேனேஜர் நிக்குற இடத்துக்கு இருபத்திரெண்டு அடி நடக்கணும். மிஷின்ல பதினொண்ணு. இன்னும் முப்பத்தொரு தடவை அமுக்கினா மக ஜெயிச்சிடுவா. யாரு கேட்கப் போறா? பத்தாவது அடியில கட்டைவிரலைப் பொத்தான் மேல வெச்சாரு. பதினஞ்சாவது அடியில மிஷினை இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்துனாரு.

"எத்தனைண்ணே?"

"பதினொண்ணு. ஆனா அழுகை வர்ற வரைக்கும்தான் சார். அப்புறம் எனக்குத் தெரியாது. திரும்பிட்டேன்."

மேனேஜருக்கு வாயே மூடல. "நீங்களா? திரும்பினீங்களா?" கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சாரு. "டார்ச்சு வேற அடிச்சிட்டீங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இந்த ஒரு படத்தை மட்டும் திரும்பப் போடுறேன். புது ஜனம், புது எண்ணிக்கை. பாப்கார்ன் அக்கா எண்ணட்டும். நீங்க கதவுப் பக்கமே வரக்கூடாது."

பஸ்ல மகளும் அப்பாவும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தாங்க. நாலு நிறுத்தம் தாண்டினதும் மக ஆரம்பிச்சா.

"ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம்லப்பா."

"முப்பத்தொரு தடவை அமுக்கணும்னு கணக்கே போட்டேம்மா. விரல் வரல." அடுத்த நிறுத்தம் தாண்டினதும், "ஞாபகத்துக்குன்னு சொன்னியே?"

"ஞாபகத்துக்குத்தான். கைப்பேசியில இருந்தா ஒரு நாள் தொலைஞ்சிடும். படத்துல இருந்தா தொலையாதுல்ல?"

டார்ச்சு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

மறுநாள் பத்து மணிக்கு மக உள்ள போனா. குட்டியோட டார்ச்சு வெளிக்கூடத்துல, பாப்கார்ன் கடையோரம். சுவர்க் கடிகாரத்துல முள்ளு நகரவே மாட்டேங்குது. அந்த ஒன்பது நிமிஷம் குட்டி பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன ஒன்பது மணி நேரத்தை விட நீளம். அன்னிக்காவது நர்சு வந்து ஏதாவது சொல்லும். இங்க கதவு ஊமையா நிக்குது.

சரியா ஆறாவது நிமிஷம் கதவிடுக்குல அந்த அழுகை கசிஞ்சு வந்துச்சு. கைவிரலைச் சூப்பிக்கிட்டிருந்த குட்டி நிறுத்தினா. நெத்தியைச் சுருக்கிக் கதவைப் பார்த்தா. "யாரு இந்தப் புள்ளை, இப்படி அழுவுது?"ன்னு கேட்கிற மாதிரி தாத்தாவைப் பார்த்தா.

"நீதாண்டி தங்கம்,"னாரு டார்ச்சு.

கதவு திறந்துச்சு. பாப்கார்ன் அக்கா மொதல்ல வந்தாங்க, காதுல செருகின பென்சிலோட. பின்னாடியே மேனேஜரும் மகளும்.

"முப்பத்தெட்டு,"ன்னாங்க அக்கா.

மேனேஜர் காகிதத்தைப் பார்த்து, "நாப்பத்தொண்ணுக்கு மூணு குறையுது. விதி விதிதான்மா. பரிசு அவங்களுக்குத்தான்,"னாரு. மக தலையை ஆட்டினா. கையை நீட்டிக் குட்டியை வாங்கிக்கக்கூட இல்ல, அப்படியே நின்னா. டார்ச்சுக்கு நேத்திக்கு அமுக்காம விட்ட கட்டைவிரலு சுரீர்னு வலிச்சுச்சு.

"இரு இரு, நான் இன்னும் முடிக்கல,"ன்னாங்க அக்கா. "இந்தக் காகிதத்துல கண்ணை மூடினவங்களுக்குத்தான் கட்டம் இருக்கு. எந்திரிச்சவங்களை எங்க எழுதுறது?"

"எந்திரிச்சாங்களா?" மக நிமிர்ந்தா.

"ஏழு பேருடி. அந்த அழுகை வந்துச்சு பாரு, ஏழு பேரும் பொசுக்குன்னு எந்திரிச்சாங்க. ரெண்டு பேரு நடக்கவே ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு பொம்பளை செருப்பைக்கூட மாட்டல. நேத்து உங்கப்பன் போனதாச் சொன்னாங்களே, அதே மாதிரிதான், கையை நீட்டிக்கிட்டு. பேய்ப்படத்துல ஜனம் வாசலைப் பார்த்து ஓடும், நான் பார்த்திருக்கேன். பேயைப் பார்த்து ஓடி இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

மேனேஜர் பென்சிலை வாங்கி, காகிதத்து ஓரத்துல கோணலா ஒரு கட்டம் போட்டு உள்ள ஏழுன்னு எழுதினாரு. "இதுக்குப் பரிசு கிடையாதும்மா,"னாரு. ஆனா அந்தக் காகிதத்தை மடிக்காம கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னாரு.

மக படியில உட்கார்ந்துட்டா. "எந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சாங்கக்கா? மொத விக்கலுக்கா, கரகரப்புக்கா?"ன்னு கேள்வி மேல கேள்வி. அக்கா சொல்லச் சொல்ல, மேனேஜர் கையிலேருந்து பென்சிலைப் பிடுங்கி, ஒரு பாப்கார்ன் பொட்டலத்துப் பின்னாடி எழுத ஆரம்பிச்சுட்டா.

"என்னம்மா எழுதுற?"

"அடுத்த வருஷத்துப் படம்."

"மூட்டை கட்டிடுவேன்னு சொன்னே? லீவு வேற முடியப் போகுது."

"ஞாயித்துக்கிழமைக்கு எவன்கிட்டப்பா லீவு கேட்கணும்?"

டார்ச்சுக்கு மூச்சு வந்துச்சு. வந்த மூச்சு முழுசா வெளிய போறதுக்குள்ள ஒரு சந்தேகமும் வந்துச்சு. "அதுலயும் குட்டி அழுவாளா?"

"இல்லப்பா." மக எழுதுறதை நிறுத்தாம சொன்னா. "இந்தத் தடவை சிரிப்பா. யாருமே இல்லாத வீட்டுல."

டார்ச்சுக்கு முதுகுல சில்லுன்னு ஒண்ணு ஏறுச்சு. தோள்ல இருந்த குட்டி அந்த நேரம் பார்த்து, அவரு காதுக்குள்ளயே கிளுக்குன்னு சிரிச்சா. அவரு மெதுவா, மகளுக்குத் தெரியாம, குட்டி முகத்தைத் தன் காதுலேருந்து அந்தப் பக்கம் திருப்பிப் பிடிச்சுக்கிட்டாரு.